கல்யாண முருங்கையில் முண்டு முண்டாக வீக்கம், புங்கனிலும் கொப்புளம்: ஒரே பூச்சியா?

ஒடுகத்தூர் பட்டி:
எல்லோருக்கும் வணக்கம். ஒடுகத்தூர் பக்கம் பதினெட்டு வெள்ளாடு வைத்திருக்கிறேன். கிணற்றடியில் ஒரு கல்யாண முருங்கை நிற்கிறது. அக்கா கல்யாணத்துக்கு அரசாணிக்காலாக வைத்த கொம்பு. கல்யாணம் முடிந்ததும் அப்பா அதை எடுத்து வந்து ஊன்றினார், பிடித்துக்கொண்டது. வேலி ஓரத்தில் இருப்பதெல்லாம் அதில் வெட்டி நட்ட போத்துகள்தான். கோடையில் ஆடுகளுக்கு இந்தத் தழைதான் கை கொடுக்கும்.

இந்தத் தடவை துளிர் விட்டும் இலை விரியவே இல்லை. காம்பு சுண்டுவிரல் போல வீங்கி, இலை சுருண்டு, நரம்பு நெடுக முண்டு முண்டாக இருக்கிறது. பக்கத்துப் புங்கன் இலையிலும் குட்டி விரல்கள் முளைத்த மாதிரி கொப்புளம். மருந்துக் கடையில் காட்டினேன். இலையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு தடவை அடித்தேன். முண்டு அப்படியே இருக்கிறது. மருந்து பட்ட தழையை ஆட்டுக்குப் போட மனம் வரவில்லை, அத்தனையும் வீண். இது என்ன பூச்சி? இரண்டு மரத்திலும் ஒன்றேதானா?

ஜவ்வாது அடிவாரம்:
தம்பி, பூச்சி இலைக்குள் முட்டை வைத்தால் மரம் அதைச் சுற்றிச் சதை போடும். அதுதான் இந்த முண்டு. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடுக்காய்ப்பூ உண்மையில் பூவே இல்லை, கடுக்காய் மரத்து இலையில் பூச்சியால் வருகிற வீக்கம். நெல்லில் ஆனைக்கொம்பன் வந்தால் குருத்து வெங்காயத்தாள் போல நீளுமே, அதுவும் இதே சங்கதிதான். மரம் செத்துவிடும் என்று அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள்.

பிளேடும் வில்லையும்:
அண்ணா, இரண்டும் வேறு வேறு. வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் அறுத்துப் பாருங்கள். கல்யாண முருங்கைக் காம்பை புது பிளேடால் குறுக்கே அறுத்தால் சின்னச் சின்ன அறைகள் தெரியும், அறைக்கு ஒன்றாகக் காலில்லாத வெள்ளைப் புழு இருக்கும். முற்றிய முண்டில் குண்டூசி குத்தியது போலத் துளை இருந்தால் பூச்சி வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.

அது குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்கிற குளவி. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான், மனிதரைக் கொட்டாது. 2004இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கேரளத்தில் தென்பட்டது. ஹவாய்த் தீவுகளில் கல்யாண முருங்கை இனத்து மரங்களை மோசமாக அடித்துவிட்டது. தான்சானியாவிலிருந்து இன்னொரு குளவியைக் கொண்டுவந்து 2008இல் அங்கே விட்டுத்தான் கட்டுப்படுத்த முயன்றார்கள்.

முட்டை குளவியாக ஏறக்குறைய 20 நாள் போதும். புழு சதைக்குள் இருப்பதால் மேலே தெளிக்கிற மருந்து அதைத் தொடுவதில்லை. குளவி முட்டையிடுவது இளந்துளிரில் மட்டும்தான். அதனால் எல்லா மரத்தையும் ஒரே நாளில் கழிக்காதீர்கள், ஒரே சமயத்தில் துளிர்த்து அத்தனையும் அதற்கு விருந்தாகிவிடும். துளை விழாத முண்டுகளாகப் பார்த்து வெட்டி, கறுப்பு பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

புங்கனில் இருப்பது பூச்சியே இல்லை, சிலந்திப்பேன். தென்னங்குரும்பையைச் சொறி பிடிக்க வைக்கிற ஈரியோபைட் இருக்கிறதே, அதன் சொந்தம். கண்ணுக்குத் தெரியாது. கொப்புளத்தை அறுத்தால் புழு இருக்காது, உள்ளே மெல்லிய ரோமம்தான் இருக்கும். சந்தேகமிருந்தால் இலையை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.

ஒடுகத்தூர் பட்டி:
தம்பி, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடியே நேற்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அறுத்தேன். ஒரே காம்பில் ஒன்பது அறை. புழு அரிசிக் குருணையை விடச் சின்னது, பிளேடு முனையில் மெதுவாக நெளிந்தது. புங்கனில் புழு இல்லை, வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதோ இருந்தது, அவ்வளவுதான். பெயர் தெரியாமல் இரண்டு தடவை மருந்து அடித்ததை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

முண்டு விழுந்த நான்கு காம்பை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் வேட்டித் துணி கட்டி வைத்திருக்கிறேன். குளவி வெளியே வந்ததும் விரிஞ்சிபுரம் கொண்டுபோகிறேன். செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்குப் போகிற வழிதானே.

ஜவ்வாது அடிவாரம்:
துணியை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள் தம்பி. ஒரு மடிப்பு என்றால் இழை வழியாகவே போய்விடும்.