கல்லூரி ஃபுட்பால்: முதல் பாதிக்கு மட்டும் பெட் கட்டுவது சரியா?

சனிக்கிழமைக்காரன்:
அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (பந்தைக் கையில் எடுத்து ஓடும் ஆட்டம், நம்ம ஊர் கால்பந்து இல்லை) பெட் கட்டுவதென்றால் முதல் பாதிக்குத்தான் கட்ட வேண்டும் என்பது என் கட்சி. பெரிய அணி சின்ன அணியை அடித்துத் துவைக்கும் ஆட்டங்களில், மூன்றாம் குவார்ட்டருக்கு (நான்கில் ஒரு பகுதி) பிறகு கோச் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிடுவார். பெட்டில் பார்ப்பது எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்ற ஸ்ப்ரெட்டை. 35 புள்ளி முன்னிலை மாற்று ஆட்டக்காரர்கள் கையில் 24 ஆகக் கரைந்துவிடும். நாம் அலசிப் பார்த்த அணி களத்திலேயே இருக்காது. 2017 செப்டம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி இடைவேளையின்போது யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை 38-10 என்று முந்தியிருந்தது. கடைசியில் யுசிஎல்ஏ 45-44 என்று ஜெயித்தது. ஏ அண்ட் எம் மேல் முதல் பாதிக்குக் கட்டியவருக்கு அந்தச் சரிவால் ஒரு பைசா நஷ்டமில்லை.

கணக்குப்பிள்ளை:
முடிந்துபோன ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்கலாம் நண்பரே. 2018 ஜனவரி தேசிய இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். இடைவேளையில் ஜார்ஜியா 13, அலபாமா 0. அலபாமா கோச் நிக் சேபன், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கையே மாற்றி துவா டகோவைலோவாவை இறக்கினார். அலபாமா ஓவர்டைமில் (சமனானால் ஆடும் கூடுதல் ஆட்டம்) 26-23 என்று வென்றது. ஜெயிக்கப்போகும் அணியைச் சரியாகக் கணித்தும், முதல் பாதிக்குக் கட்டியவர் தோற்றார்.

பாதி ஆட்டத்தில் ஓர் அணியின் கைக்குப் பந்து வருவதே சில தடவைதான். ஒரு ஃபம்பிள் (பந்து கை நழுவுவது), தவறவிட்ட ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும். அப்புறம் டாஸ். ஜெயித்த அணி பெரும்பாலும் இரண்டாம் பாதியில் பந்தை வாங்கிக்கொள்ளும். முழு ஆட்டத்தில் இது சமனாகிவிடும், முதல் பாதியில் ஆகாது. நீங்கள் பெட் கட்டும் நேரத்தில் டாஸே போட்டிருக்க மாட்டார்கள்!

சனிக்கிழமைக்காரன்:
டாஸ் விஷயம் சரி. ஆனால் ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளைக் கோச்சுகள் வாரம் முழுக்கத் திட்டமிட்டு எழுதி வைத்திருப்பார்கள். நல்ல தயாரிப்பு முதல் பாதியில்தான் தெரியும். பெட் நிறுவனங்களும் முழு ஆட்டத்துக்கான ஸ்ப்ரெட்டைக் கவனிக்கும் அளவுக்கு முதல் பாதி ஸ்ப்ரெட்டைக் கவனிப்பதில்லை.

கணக்குப்பிள்ளை:
கவனிக்காத இடத்தில் அவர்கள் பெரிய தொகையை வாங்கவே மாட்டார்கள். அதுதான் அவர்களுடைய காப்பு. வழக்கமான விலை 110 கட்டினால் 100 லாபம். நஷ்டப்படாமல் இருக்கவே நூற்றுக்கு 53 பெட் ஜெயித்தாக வேண்டும். முழு ஆட்டத்தில் ஓவர்டைம் இருப்பதால் சமன் கிடையாது. முதல் பாதி சமனில் முடியலாம். சமனையும் தனி முடிவாக வைத்து விற்கும் பெட்டில் உங்கள் காசு போய்விடும்.

ஒஹாயோ அக்கா:
தம்பிகளா, கணக்கு இருக்கட்டும். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டு பெட்டுக்கு எதிரான 1992ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தை நீக்கியது. எங்கள் ஒஹாயோ மாநிலத்தில் 2023 ஜனவரி 1 முதல் ஃபோனிலேயே பெட் கட்டலாம். முதல் பாதி பெட்டின் முடிவு ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தோற்ற பையன் இடைவேளையிலேயே இரண்டாம் பாதிக்குக் கட்டி, விட்ட காசைப் பிடிக்கப் பார்ப்பான். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை காசு போகும். ஆடுகிறவர்களும் இருபது வயதுப் பிள்ளைகள். பெட்டில் தோற்றவர்கள் அவர்களைத் திட்டி மிரட்டுகிறார்கள் என்றுதான் 2024இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தலைவர் சார்லி பேக்கர், தனிப்பட்ட கல்லூரி ஆட்டக்காரர்கள் மீதான பெட்டைத் தடை செய்யச் சொன்னார். ஒஹாயோ தடை செய்தது. முதல் பாதி பெட் இன்னும் இருக்கிறது.

சனிக்கிழமைக்காரன்:
அக்கா, நான் இடைவேளையில் கட்டுவதே இல்லை. இது அவரவர் கட்டுப்பாட்டைப் பொறுத்தது.

ஒஹாயோ அக்கா:
உங்களுக்கு இருக்கிறது தம்பி, சந்தோஷம். அந்த ஆப் இடைவேளையில் எல்லோருக்கும்தான் அறிவிப்பு அனுப்புகிறது.

கணக்குப்பிள்ளை:
சனிக்கிழமைக்காரரே, இந்த சீசன் முழுக்கக் காசு கட்டாமல், ஆட்டம் தொடங்கும் கிக்ஆஃப்புக்கு முன்பே உங்கள் கணிப்பையும் அன்றைய ஸ்ப்ரெட்டையும் இங்கே பதிவு செய்யுங்கள். 53 தாண்டுகிறதா என்று பார்க்கலாம்.