1.5 போதுமா, 1.6 வேண்டுமா: ராக்கர் ஆர்ம் மாற்றியவர்களின் அனுபவங்கள்

புரசைவாக்கம் உறுப்பினர்:
இரண்டு வருடங்கள் ஆகியும் ராக்கரைத் தள்ளும் கம்பியான அந்தப் புஷ்ராடு என் கண்ணை விட்டு அகலவில்லை. மாமாவின் பழைய இம்பாலாவுக்காக ஷெவர்லே 350 எஞ்சினைக் கட்டிக்கொண்டிருந்தோம். வால்வுகளை இயக்கும் மூக்குத் தண்டான கேமை மாற்ற வேண்டாம், 1.5 ராக்கர்களை (கேம் மூக்கின் உயரத்தை 1.5 மடங்காக்கி வால்வைத் திறக்கும் நெம்புகோல்களை) கழற்றிவிட்டு, நுனியில் உருளை உள்ள 1.6 ரோலர் ராக்கர்களைப் போட்டாலே போதும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். கேம் மூக்கின் உயரம் 7.6 மி.மீ.; 1.5 என்றால் வால்வு 11.4 மி.மீ. திறக்கும், 1.6 என்றால் ஏறக்குறைய 12.2. கணக்கு சரியாகத்தான் இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு முறை ஓட்டிய பிறகு எண்ணெயை இறக்கியபோது, தட்டின் அடியில் வெள்ளிப்பொடி போல மினுமினுப்பு தெரிந்தது. புஷ்ராடுகளை ஒவ்வொன்றாக உருவினோம். மூன்றாவது சிலிண்டரில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் புஷ்ராட்டு ஓரத்தில், சாணை பிடித்த கத்தியைப் போலப் பளபளவென்று ஒரு நீளக் கோடு. பட்டறைப் பெரியவர் அதன் மேல் விரல் நகத்தை ஓட்டினார். நகம் மாட்டிக்கொண்டு நின்றது. "தம்பி, ஹெட்டில் துளையைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். விகிதம் கூடினால் ராக்கரில் புஷ்ராடு உட்காரும் குழி, ராக்கரைத் தாங்கும் ஸ்டட்டை நெருங்கி வரும், ஆனால் புஷ்ராடு நுழைந்து வரும் ஹெட்டின் (சிலிண்டர்களின் மேல்மூடி) துளை பழைய இடத்திலேயே இருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அம்பத்தூர் உறுப்பினர்:
"கணக்கு சரியாகத்தான் இருந்தது" என்று நீங்கள் எழுதியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு இதே எஞ்சின் ஒன்று வந்தது. அதில் இருந்தவை தகட்டை அழுத்திச் செய்த பழைய 1.5 ராக்கர்கள். அசைவை அளக்கும் டயல் கேஜை, வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரீடெய்னரின் மேல் வைத்துக் கிராங்கைக் கையால் சுற்றினேன். 11.4 காட்ட வேண்டிய முள் 11.0-இல் நின்று திரும்பியது. மூன்று முறை சுற்றியும் அதே இடம்தான். பெட்டியில் 1.5 என்று அச்சிட்டிருந்தாலும் எனக்குக் கிடைத்தது 1.45 தான். ஆகவே 1.6-இல் கிடைத்தது எவ்வளவு என்று அளக்காமல், நீங்கள் எதிலிருந்து எதற்கு மாறினீர்கள் என்றே சொல்ல முடியாது.

தாம்பரம் உறுப்பினர்:
அளவைப் பற்றி இருவரும் பேசுகிறீர்கள். பாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ராக்கர் ஒரு நெம்புகோல். வால்வு ஸ்பிரிங்கின் விசை அதே விகிதத்தால் பெருகித்தான் கேமின் மேல் இறங்குகிறது. எனக்கு நேர்ந்தது சுருக்கமானது: கடினமான ஸ்பிரிங்கையும் 1.6-ஐயும் ஒரே நாளில் போட்டேன், ஒரே வாரத்தில் ஒரு கேம் மூக்கு மழுங்கிவிட்டது. கேம் மூக்கின் மேல் உட்கார்ந்து புஷ்ராட்டைத் தூக்கும் டேப்பெட்டைக் கையில் எடுத்தபோது அதன் அடிப்பாகம் சிறு கிண்ணம் போலக் குழிந்திருந்தது.

தட்டை டேப்பெட் (அடியில் உருளை இல்லாதது) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். புதிய கேமைப் பழக்கும் வரை இரட்டை ஸ்பிரிங்கில் உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வையுங்கள். எஞ்சின் உயிர் பெற்றதும் ஐடிலில் (வண்டி நிற்கும்போது மெதுவாக ஓடும் நிலை) விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள், ஏனென்றால் ஐடிலில் கேமின் மேல் தெறிக்கும் எண்ணெய் மிகக் குறைவு. துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள எண்ணெயையே ஊற்றுங்கள். ஸ்பிரிங் முழுத் திறப்பில் சுருளோடு சுருள் முட்டாமல் 1.5 மி.மீ. மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்து அளக்கும்போது, முழுத் திறப்பில்தான் ஆபத்து என்று எண்ணிவிடாதீர்கள். பிஸ்டன் உச்சிக்கு வந்து திரும்பும் நேரத்தில், ஏறக்குறைய பத்து டிகிரி முன்னும் பின்னும்தான் அவை மிக நெருங்குகின்றன. இன்டேக்குக்கு 2 மி.மீ., புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்டுக்கு 2.5 மி.மீ. வேண்டும்.

பெரம்பூர் உறுப்பினர்:
இவ்வளவு பயமுறுத்தினால் யாரும் 1.6 பக்கமே வரமாட்டார்கள். அண்ணா சாலை நெரிசலில் ஓட வேண்டிய வண்டிக்கு, பெரிய கேமைவிட இந்த வழிதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட்டில் ராக்கரை மாற்றினால் வால்வு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பது கிட்டத்தட்ட மாறாது. திறக்கும் உயரம்தான் கூடும். ஆகவே ஐடில் கெடுவதில்லை. என் எஞ்சினில் எக்ஸாஸ்டுக்கு மட்டும் 1.6 போட்டேன். சிக்னலில் பச்சை விழுந்ததும் மேல் சுற்றுகளில் அது மூச்சு விட்ட விதம் இன்றும் காதில் இருக்கிறது.

புரசைவாக்கம் உறுப்பினர்:
அம்பத்தூர் நண்பர் சொன்னது நியாயம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை மாமாவின் வண்டியை மறுபடி திறந்தேன். துளைகளை அப்போதே லேத் பட்டறையில் நீட்டித்துவிட்டோம், புஷ்ராடுகளும் புதியவை. ஹைட்ராலிக் டேப்பெட் அமுங்கி அளவைக் கெடுக்கும் என்பதால் திடமான டேப்பெட் ஒன்றையும் மெல்லிய ஸ்பிரிங்கையும் போட்டு, ஒவ்வொரு வால்வாக அளந்தேன். பதினைந்து வால்வுகள் 12.0-க்கும் 12.1-க்கும் இடையில் இருக்கின்றன. மூன்றாவது சிலிண்டரின் அதே இன்டேக் மட்டும் 11.7 காட்டுகிறது. வால்வுத் தண்டின் உச்சியில் ரோலர் பதித்த தடமும் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. புஷ்ராடு நீளம் தவறா, அல்லது பழைய உரசலில் கேம் மூக்கே தேய்ந்துவிட்டதா? அந்த மூக்கை மட்டும் தனியாக அளக்க டயல் கேஜை எங்கே நிறுத்துவது என்று அம்பத்தூர் நண்பர் சொன்னால் நன்றாக இருக்கும்.