கோழிக்கூண்டின் குளிர்காலக் காப்பு: புதுப்பிப்பு

குளிர்காலத்திற்கு முன் கோழிக்கூண்டின் சுவர்களில் தெர்மோகோல் பலகை பொருத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அந்த வேலை முடிந்துவிட்டது. கோழிகள் தெர்மோகோலைக் கொத்தித் தின்னும் என்பதால், அதன்மேல் பிளைவுட் அடித்து, எலி புகாதபடி விளிம்புகளையும் அடைத்திருக்கிறேன். ஆனால் காப்பைவிடக் காற்றோட்டமே முக்கியம் என்பது என் முடிவு: மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் எழும் ஈரம் வெளியேறாமல் தங்கினால், வறண்ட குளிரை எளிதில் தாங்கும் கோழிக்குக்கூடக் கடுங்குளிரில் கொண்டை உறைந்து புண்ணாகிவிடும். ஆகையால், கூரையை ஒட்டிய திறப்புகளை மூடாமல் கம்பிவலை மட்டும் அடித்து, கோழிகள் அமரும் கழியின் மட்டத்தில் காற்று நேராக வீசும் இடுக்குகளை அடைத்தேன். சிலர் பரிந்துரைத்த வெப்ப விளக்கை, மரத்தூளும் தூசியும் நிறைந்த இடத்தில் தீப்பிடிக்கும் என்பதால் தவிர்த்தேன். கழிக்குப் பதிலாக அகலமான மரச்சட்டம் வைத்ததில், அமரும்போது விரல்கள் இறகுக்குள் மறைந்துவிடுகின்றன.