பித்தளை வட்டாவில் விழும் கறுப்புக் கோடு: வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

மட்டக்களப்புப் பக்கம் விற்பனைச் சாமான்களைப் படம் பிடிக்கிற ஆக்கள் ஒருக்காப் பாருங்க. என்ட லைட் டென்ட் (வெளிச்சத்தைத் துணியால் பரப்பிப் படம் பிடிக்கிற கூடு) 2 அடி காட்போட் பெட்டிதான். மேல்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டையும் வெட்டி, மெல்லிய வெள்ளை வொயில் துணி ஒட்டினது. உள்ளுக்குப் பிரிஸ்டல் போர்ட், மடிக்காமல் வளைச்சு. 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் போல வெள்ளை) எல்.ஈ.டி பல்ப் இரண்டு, துணியிலிருந்து 1 அடி தள்ளி. கிட்டக் கொண்டுபோனால் துணியில் வெள்ளைப் பொட்டு விழும். அறை லைட்டை அணைச்சாச்சு, இல்லாட்டி மஞ்சள் கலக்கும்.

மருதமுனைச் சாரன் இதில் அச்சொட்டாய் வருது. பித்தளை வட்டாதான் (வெற்றிலை வைக்கிற தட்டு) பிடிவாதம்: பெட்டியின் திறந்த வாய் அதன் விளிம்பில் கறுப்புக் கோடாய்த் தெரியுது. முன்பக்கமும் துணி கட்டி லென்ஸ் அளவுக்கு ஓட்டை விட்டால் கோடு பொட்டாய்ச் சிறுக்குது, முற்றாய்ப் போகல்ல. வட்டாவைச் சரிச்சு வைக்கிறதா, தூரத்திலிருந்து ஸூமில் எடுக்கிறதா? மாவு பூசச் சொல்லாதீங்க, பளபளப்பே செத்துப்போகும்.