பார்க்கின்சன் குடலில்தான் ஆரம்பிக்கிறதா?

கொள்ளிடக்கரை:
அப்பாவுக்கு 68 வயது. போன வருடம் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று சொல்லி, அதற்கான லெவோடோபா மாத்திரை ஆரம்பித்தார்கள். கை நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே கடும் மலச்சிக்கல், இசப்கோல் இல்லாமல் காலை நகராது. இப்போது சொந்தக்காரர் ஒருவர், நோயே குடல் கிருமியால்தான், இந்தப் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) பவுடரைச் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று டப்பாவும் கையுமாக வந்து நிற்கிறார். உண்மையா?

பழைய லேப்காரன்:
குடல் தொடர்பு கட்டுக்கதை இல்லை. நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல் வருவது இந்த நோயில் சகஜம். ஆல்ஃபா சினியூக்ளின் என்ற புரதம் தப்பாக மடிந்து திரள்வது சிலருக்குக் குடல் நரம்புகளில் தொடங்கி, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறலாம் என்று ஜெர்மனியின் மூளை ஆய்வாளர் ஹைகோ பிராக் 2003இலேயே சொன்னார். 2016இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில், அந்தப் புரதம் அதிகம் உருவாகும் எலிகளைக் கிருமியே இல்லாமல் வளர்த்தபோது தடுமாற்றம் குறைந்தது, நோயாளிகளின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்ததும் கூடியது. ஆனால் எலி எலிதான். மனிதர்களுக்கு மலமாற்று சிகிச்சை (ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள பாக்டீரியாவை நோயாளியின் குடலில் சேர்ப்பது) செய்து 2024இல் வந்த முடிவுகளில் பெல்ஜியத்தில் லேசான முன்னேற்றம், பின்லாந்தில் பலனே இல்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தச் சொந்தக்காரரை வாசலோடு அனுப்புங்கள்.

செண்பகம்:
பவுடரை விடுங்க, பாக்டீரியா அந்த மாத்திரையையே தின்னும், தெரியுமா? என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற குடல் பாக்டீரியா லெவோடோபாவை மூளைக்குப் போகும் முன்னாலேயே டோபமைனாக மாற்றிவிடுகிறது, 2019இல் கண்டுபிடித்தார்கள். டோபமைன்தான் இந்த நோயில் மூளையில் குறையும் பொருள், ஆனால் லெவோடோபா மூளைக்குள் போய் மாறினால்தான் பலன். மாத்திரையோடு சேர்த்திருக்கும் கார்பிடோபா என்ற மருந்து இப்படி மாற்றும் நம் உடம்பின் என்சைமைத்தான் தடுக்கும், அந்தப் பாக்டீரியாவினுடையதை இல்லை. இதற்கு இன்னும் மருந்து வரவில்லை. சரி, அப்பா மாத்திரையை எப்போது போடுகிறார்?

கொள்ளிடக்கரை:
எட்டு மணிக்கு, பொங்கல் சாம்பாரோடு. சட்டைப் பொத்தான் போட வருவதற்குப் பதினொன்றாகிவிடுகிறது.

செண்பகம்:
நினைத்தேன். பருப்பு, பால், முட்டை எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் லெவோடோபாவோடு முட்டி மோதும், இரண்டும் உள்ளே போவது ஒரே வழியில். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வெறும் தண்ணீரில் போடலாமா என்று நரம்பியல் டாக்டரிடம் கேளுங்க. குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். மலச்சிக்கலையும் சொல்லுங்க, வயிறு மந்தமானால் மாத்திரை இறங்கவே தாமதமாகும்.

பழைய லேப்காரன்:
அப்புறம், யாராவது பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்தால் அதையும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதிலேயே லெவோடோபா இருக்கிறது, மாத்திரையோடு சேர்ந்தால் டோஸ் எகிறிவிடும்.