ஓராண்டு மீன் நிறைந்திருந்த கடற்பார் மறு ஆண்டு வெறிச்சோடுவது ஏன்?

கேள்வி: இனயம் கரையோன்

வணக்கம். நான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், நீரோடி எல்லைக்குச் சற்று இப்பால், சிப்பி குளிக்கும் (கடலில் முழுகிச் சிப்பி எடுக்கும்) குடும்பத்தைச் சேர்ந்தவன். மூன்று நான்கு பாக ஆழத்தில் (ஒரு பாகம் சுமார் ஆறடி) எங்களுக்குப் பழக்கமான ஒரு பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கிறது. மலை முகடும் கோவில் கோபுரமும் ஒரே கோட்டில் வரும்படி வள்ளத்தை நிறுத்தினால் இடம் தவறாது. சென்ற ஆண்டு ஆவணியில் தண்ணீர் தெளிந்ததும் முழுகியபோது, இடுக்குதோறும் விரல் நீளக் களவா மீன் குஞ்சுகளும் கிளிமீன்களும் நெருக்கியடித்துக் கிடந்தன. இந்த ஆண்டு அதே மாதத்தில் பத்துக் குஞ்சுகளைக்கூடக் காணவில்லை. பாறை உடையவில்லை, அறுந்த வலை எதுவும் சிக்கிக் கிடக்கவுமில்லை. இது மீன்பிடியால் வந்த குறைவா, அல்லது இயல்பான ஏற்றத்தாழ்வா? பவளப்பாறை மீன்களைப் பற்றி எழுதப்படுபவை எங்கள் கல் பாருக்கும் பொருந்துமா?

பதில்: விழிஞ்ஞம் மாணவி

அண்ணனுக்கு வணக்கம். முதலில் ஒரு பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். கேரளத்தில் எங்கள் சந்தையில் கிளிமீன் என்றால் தமிழ்நாட்டில் சங்கரா என்று விற்கப்படும் மீன். அது மணலும் சேறுமான தரையில் வாழ்வது, இழுவலையில் வருவது. நீங்கள் பார்த்தது மன்னார் வளைகுடாப் பக்கத்தில் கிளிமீன் எனப்படும், அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டித் தின்னும் மீன் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பார் மீன்களில் பெரும்பாலானவற்றின் முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்து போய்விடுகின்றன. பாறையில் முட்டையை ஒட்டிவைத்துக் காவல் காக்கும் மீன்களுக்கும், பொரித்த குஞ்சு பெரும்பாலும் கடலோடுதான் போகிறது. குஞ்சுகள் எத்தனை நாள் அப்படி அலைகின்றன என்பதைச் செவிக்கல்லில் (மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்) நாளுக்கொன்றாகப் படியும் வளையங்களை எண்ணிக் கண்டறிகிறார்கள். சில இனங்களுக்கு மூன்று வாரம், சிலவற்றுக்கு இரண்டு மாதம்கூட ஆகிறது. ஆகவே சென்ற ஆண்டு உங்கள் பாரில் கண்ட குஞ்சுகள், அங்கே வாழும் பெரிய மீன்களின் பிள்ளைகளாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. காற்றும் நீரோட்டமும் உகந்த வாரத்தில் அமைந்தால் கூட்டமாக வந்து சேரும். சற்றுப் பிசகினால் அந்த ஆண்டின் வரவே தப்பிப்போகும்.

ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஆய்வு செய்த பீட்டர் சேல், 1977இல் இதைக் குலுக்கல் சீட்டுக்கு ஒப்பிட்டார். பேருந்தில் ஓர் இருக்கை காலியானால் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் உட்கார்ந்துவிடுவதைப் போல, பாறையில் ஓர் இடம் காலியானால் அப்போது வந்து சேரும் குஞ்சு பிடித்துக்கொள்கிறது, வலிய இனம்தான் வெல்லும் என்பதில்லை என்பது அவர் வாதம். எல்லாமே தற்செயல் என்று சொல்லிவிட முடியாது என்பது பிற்பாடு தெரிந்தது. அங்கேயே லிசார்ட் தீவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளுக்கு மருந்தால் அடையாளமிட்டு, பின்னர் சுமார் 5000 குஞ்சுகளைப் பிடித்துப் பார்த்ததில் 15 குஞ்சுகளில் அந்த அடையாளம் இருந்தது. அடையாளமிட்டவை மொத்த முட்டைகளில் மிகச் சிறு பங்கே என்பதால், 15 முதல் 60 விழுக்காடு வரையான குஞ்சுகள் பிறந்த இடத்துக்கே திரும்பியிருக்கலாம் என்று 1999இல் கணக்கிட்டார்கள்.

உங்கள் கல் பாருக்கு இது பொருந்தும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது ஆழத்துக் குளிர்நீர் மேலேறுவதும் தண்ணீர் கலங்குவதும் நம் கரையில் பவளம் மன்னார் வளைகுடாத் தீவுகளில் போலத் திட்டாக வளர இடம் தருவதில்லை. பாறையில் ஆங்காங்கே ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். உயிர்ப்பவளத்தை மட்டுமே கொறிக்கும் வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு அது பெரிய குறை. களவாவுக்கு வேண்டியது இடுக்கு. அது கல்லில் இருந்தால் என்ன, பவளத்தில் இருந்தால் என்ன!

பதில்: பழைய தூண்டில்காரன்

தம்பி, தங்கை சொன்னது குஞ்சுகளின் கணக்கு. அதை மறுக்கவில்லை, ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. முழங்கை நீளத்துக்கு மேற்பட்ட களவாக்கள் அந்தப் பாரில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்தீர்களா? களவாவில் பெரும்பாலான இனங்கள் பெண்ணாக முதிர்ந்து, பின்னரே ஆணாக மாறுகின்றன. பெரியவற்றைத் தேடிப் பிடித்தால் நாம் ஆண்களையே முதலில் எடுத்துவிடுகிறோம். ஒரு குஞ்சு பெரிய களவாவாக வளரப் பல ஆண்டுகள் ஆகும். கேரளத்தில் 52 நாளும் நம் பக்கம் 61 நாளும் விசைப்படகைக் கட்டிப்போடும் தடைக்காலம் இறாலுக்கு உதவுகிற அளவுக்கு இதற்கு உதவாது. மூத்த மீன்கள் நிறைய இருந்தால் குஞ்சு வராத இரண்டு மூன்று ஆண்டுகளைப் பார் தாங்கிவிடும். குஞ்சு குறைந்த ஆண்டில் மூத்தவையும் இல்லையென்றால்தான் நான் கவலைப்படுவேன்.

பதில்: விழிஞ்ஞம் மாணவி

ஐயா சொல்வது சரி. எண்ணிக்கையோடு நீளத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. ஐம்பது மீட்டர் கயிற்றைப் பாரின்மேல் விரித்து, அதன் இருபுறமும் இரண்டரை மீட்டருக்குள் தென்படுபவற்றை மட்டும் எண்ணுங்கள். போகும்போது நீந்தித் திரிபவற்றையும் திரும்பும்போது இடுக்கில் பதுங்கியவற்றையும் எண்ண வேண்டும். வந்ததும் பார்த்தால் மீன் மிரண்டு ஒதுங்கியிருக்கும், ஆகவே கயிறு போட்டபின் சற்றுப் பொறுங்கள். தண்ணீர் கலங்கிய நாளின் கணக்கைத் தெளிந்த நாளின் கணக்கோடு ஒப்பிட வேண்டாம்.

கேள்வியாளர்: இனயம் கரையோன்

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி. பெரிய களவாக்களை நான் எண்ணவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண் முழுவதும் குஞ்சுகளின் மேலேயே இருந்தது. சித்தப்பாவிடம் பழைய நைலான் கயிறு இருக்கிறது. ஐந்து மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, இரு முனையிலும் கல் கட்டி எடுத்துப் போகிறேன். நீளத்தை அளக்கச் சிப்பி பெயர்க்கும் உளியில் கோடு கீறிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.