டிவி ஷாப்பிங் சேனல்கள்: இன்னும் எத்தனை நாளைக்கு?

செங்கதிர்:
ஷாப்பிங் சேனல்களின் காலம் முடிந்துவிட்டது என்று சொன்னாலே சிலருக்குக் கோபம் வருகிறது. சரி, நடந்ததை மட்டும் சொல்கிறேன். 2014-இல் பிரிட்டனில் பிட் டிவியும் பிரைஸ் டிராப் டிவியும் ஒன்றாக மூடின. 2023-இல் அங்கேயே ஐடியல் வேர்ல்டு நொடித்தது. பிறகு வேறு கைக்குப் போய்த் திரும்ப வந்தது, அது தனிக்கதை. அதே வருடம் அமெரிக்காவில் ஷாப்எச்கியூ சேனலை நடத்திய நிறுவனம் திவால் மனு போட்டது. 2025 ஏப்ரலில் சேனலே நின்றுபோனது.

இவையெல்லாம் சின்னக் கம்பெனிகள் என்பீர்கள். பெரியவர்களையே பார்ப்போம். அமெரிக்காவின் பெரிய ஷாப்பிங் சேனலான கியூவிசியின் தாய் நிறுவனம் 2017-இல் போட்டிச் சேனலான எச்எஸ்என்-ஐயும் சுமார் 210 கோடி டாலருக்கு வாங்கிப்போட்டது. மொத்த வருமானம் 2020-இல் 1,400 கோடி டாலரைத் தாண்டியது. 2024-இல் சுமார் 1,000 கோடி. 2025 தொடக்கத்தில், எச்எஸ்என்-இன் புளோரிடா வளாகத்தை மூடிவிட்டு பென்சில்வேனியாவில் கியூவிசி இருக்கும் இடத்துக்கே போகப்போகிறோம் என்று அறிவித்தார்கள். இதற்குப் பிறகும் "தற்காலிகச் சரிவு" என்பவர்களிடம் எனக்குக் கேள்வி ஒன்றுதான்: எப்போது மேலே ஏறும், எதை வைத்து ஏறும்?

மல்லிகைப்பந்தல்:
கணக்கு சொன்னால் முழுக்கணக்கும் சொல்லுங்கள், செங்கதிர். 2020 என்பது உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருடம். எல்லாரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாங்கினார்கள். அந்த உச்சத்தில் அளவுகோலை வைத்தால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் பள்ளமாகத்தான் தெரியும். அப்புறம், அந்த 1,400 கோடிக்குள் ஜூலிலி என்ற இணையக் கடையின் வருமானமும் இருந்தது, சுமார் 160 கோடி. 2023-இல் அதை விற்றுவிட்டார்கள். விற்ற கடையின் வருமானம் 2024 கணக்கில் எப்படி வரும்? 2021 டிசம்பரில் வட கரோலினாவில் கியூவிசியின் பெரிய கிடங்கு தீயில் போனதும் உங்கள் பட்டியலில் இல்லை.

இன்னொன்று. இவர்களின் விற்பனையில் பாதிக்கு மேல் இணையம் வழியாகத்தான் நடக்கிறது. டிவியில் பார்க்கிறார்கள், கைபேசியில் வாங்குகிறார்கள். வாங்குபவர்கள் யார்? விற்பனையில் 90 சதவீதத்துக்கு மேல் ஏற்கனவே வாங்கியவர்களே திரும்ப வந்து வாங்குவது. இப்படி ஒட்டிக்கொண்ட வாடிக்கையாளர் கூட்டம் எந்த இணையக் கடைக்கு இருக்கிறது?

செங்கதிர்:
ஜூலிலியையும் கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் 240 கோடி இறங்கியிருக்கிறது. தீ விபத்துக்கும் ஊரடங்குக்கும் எவ்வளவு எழுதுவீர்கள்?

நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த 90 சதவீதத்தைத்தான் நான் நோய் என்கிறேன். புதிதாக யாரும் வரவில்லை என்பதுதானே அதன் அர்த்தம்? கியூவிசியே 2024-இல் ஐம்பது வயதைக் கடந்த பெண்களைக் குறிவைத்துத் தனிப் பிரசாரம் ஆரம்பித்தது. நல்ல யோசனைதான், அவர்களிடம் பணம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. ஆனால் இருபது வருடம் கழித்து ஐம்பதைத் தொடுபவர், சேனல் மாற்றி மாற்றிப் பார்க்கும் பழக்கமே இல்லாமல் வளர்ந்தவராக இருப்பார். அமெரிக்காவில் 2010-களின் தொடக்கத்தில் சுமார் 10 கோடி வீடுகள் காசு கட்டி கேபிளோ டிஷ்ஷோ வைத்திருந்தன. அன்றிலிருந்து வருடா வருடம் துண்டித்துக்கொண்டே வருகிறார்கள்.

ஒலிவாங்கி:
நான் இந்தத் துறையில் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவன். செங்கதிர் கடைசியாகச் சொன்ன விஷயம்தான் மையம், ஆனால் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் அறையில் பல திரைகள் இருக்கும். நாங்கள் கண் எடுக்காமல் பார்த்தது இரண்டைத்தான். ஒன்றில் நிமிடத்துக்கு எத்தனை ஆர்டர் என்ற கோடு. இன்னொன்றில் பக்கத்து சேனலில் ஓடும் தொடர். அங்கே விளம்பர இடைவேளை வந்ததும் இங்கே கோடு எழும்பும். உடனே தயாரிப்பாளர் தொகுப்பாளரின் காதில், "விலையைச் சொல், இப்போதே சொல்" என்பார். அவர் பேசிக்கொண்டிருந்த துணியின் ரகத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அதே புன்னகையோடு விலைக்குத் தாவுவார். இடைவேளை முடிந்து தொடர் ஆரம்பித்தால் கோடு படுத்துவிடும். மறுபடி துணி ரகம், தையல், துவைக்கும் முறை.

அதாவது எங்கள் சரக்கைத் தேடி வந்தவர்களைவிட, தற்செயலாக வந்து விழுந்தவர்களை நம்பித்தான் பிழைப்பு. பேருந்து நிலைய வாசலில் கடை போடுவது மாதிரி, இரண்டு பிரபல சேனல்களுக்கு நடுவில் ஒரு சேனல் எண் பிடிப்பதுதான் தொழில். அந்த இடத்துக்கு வாடகை உண்டு. தென் கொரியாவில் இந்த வாடகை எந்த அளவுக்குப் போனது என்றால், 2023-இல் ஹோம் ஷாப்பிங் நிறுவனங்கள் டிவி வழியே சம்பாதித்த வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் கேபிள், ஐபிடிவி (இணைய இணைப்பு வழி டிவி) நிறுவனங்களுக்கே ஒளிபரப்புக் கட்டணமாகப் போனது. பார்வையாளர் குறைகிறார், கட்டணம் குறையவில்லை. 2024 டிசம்பரில் அங்குள்ள ஹோம் ஷாப்பிங் நிறுவனமான சிஜே ஆன்ஸ்டைல் பொறுமை இழந்து மூன்று கேபிள் நிறுவனங்களுக்கு ஒளிபரப்பையே நிறுத்திப் பார்த்தது. சேனலை வாடிக்கையாளர் கைவிடுவதற்கு முன்பே இந்தக் கணக்கு கையைக் கடித்துவிடும்.

சுடரொளி:
போகட்டும் என்கிறேன். எதற்கு இத்தனை அழுகை?

திரையின் ஓரத்தில் கடிகாரம் ஓடும். "சரக்கு தீரப்போகிறது" என்று பதறுவார்கள். மறுநாள் அதே நேரத்தில், அதே சரக்கு, அதே கடிகாரம். நான் ஒரு சேனலில் தரை துடைக்கும் நீராவி இயந்திரம் வாங்கி ஏமாந்தேன். திரையில் கறை ஒரே இழுப்பில் போனது. வீட்டில் கறை அப்படியே இருந்தது, தரை மட்டும் ஈரமானது. திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால், அனுப்பும் செலவு என்னுடையது, முதலில் கட்டிய அஞ்சல் கட்டணமும் திரும்ப வராது. இரண்டையும் கூட்டினால் இயந்திரத்தை வைத்துக்கொள்வதே மேல் என்று தோன்றும்படி திட்டம் போட்டிருந்தார்கள். தலையில் கட்டுவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் இவர்கள்.

மல்லிகைப்பந்தல்:
உங்கள் கோபம் நியாயம், சுடரொளி. ஆனால் இவர்கள் போனால் அந்த இடத்தில் யார் வருவார்கள் என்று யோசித்தீர்களா? கைபேசியில் நேரலை விற்பனை செய்பவர்கள். அங்கே கடிகாரம் இல்லையா? பதற்றம் இல்லையா? எல்லாம் இருக்கிறது, இன்னும் வேகமாக.

டிவியில் விற்பவருக்குக் குறைந்தபட்சம் ஒரு முகவரி இருக்கிறது. தென் கொரியாவில் அரசு உரிமம் வாங்கித்தான் சேனல் நடத்த முடியும், காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் 1993-இல் தகவல் தொடர்பு ஆணையம் உட்கார்ந்து, நாள் முழுக்க விற்பனை மட்டும் ஒளிபரப்பும் நிலையங்கள் பொது நலனுக்கு உகந்தவையா என்று விசாரித்தது. ஆம் என்று தீர்ப்பு வந்ததால்தான் கேபிள் நிறுவனங்கள் அவற்றையும் கட்டாயம் ஏற்க வேண்டியிருந்தது. முடிவு சரியா தப்பா என்பது வேறு. கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்தார் அல்லவா? கைபேசியில் இன்று விற்றவர் நாளை பெயரை மாற்றிக்கொண்டு வருவார்.

சுடரொளி:
முகவரி இருந்ததால் எனக்கு என்ன கிடைத்தது? ஈரத் தரை.

செங்கதிர்:
நேரலை விற்பனையில் பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டுமானால் சீனாவைப் பாருங்கள். அங்குள்ள பெரிய இணையச் சந்தையான தாவ்பாவ் 2016-இல் நேரலையை ஆரம்பித்தது. 2021-இல் வியா என்ற ஒரே ஒரு தொகுப்பாளருக்கு வரி ஏய்ப்புக்காக 134 கோடி யுவான் கட்டச் சொன்னார்கள். கட்ட வேண்டிய தொகையே அவ்வளவு என்றால் சம்பாத்தியத்தை நீங்களே ஊகியுங்கள். எந்த ஷாப்பிங் சேனல் தொகுப்பாளர் கனவிலாவது கண்டிருப்பார்?

மல்லிகைப்பந்தல்:
சீனாவில் ஓடியது எல்லா இடத்திலும் ஓடிவிடாது. ஃபேஸ்புக் 2022 அக்டோபரில் தன் நேரலை விற்பனை வசதியை மூடியது. இன்ஸ்டாகிராம் 2023 மார்ச்சில் மூடியது. கோடிக்கணக்கில் ஆள் வைத்திருந்தவர்களின் பாச்சாவே பலிக்கவில்லை. காரணம், ஆள் இருந்தால் மட்டும் போதாது, விற்கத் தெரிய வேண்டும்.

செங்கதிர்:
அவர்கள் மூடிய பிறகு டிக்டாக் ஷாப் 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் கடை திறந்தது. 2025 ஏப்ரலில் அதே டிக்டாக்கோடு கியூவிசி ஒப்பந்தம் போட்டு, அங்கே 24 மணி நேர நேரலை ஆரம்பித்தது. டிவியில் எதிர்காலம் இருப்பதாக அவர்களே நம்பினால் அங்கே ஏன் போகிறார்கள்?

ஒலிவாங்கி:
போனதில் தப்பே இல்லை. இந்தத் தொழில் டிவியில் பிறந்ததே இல்லை. 1977-இல் புளோரிடாவில் ஒரு வானொலி நிலையம். விளம்பரம் கொடுத்தவரிடம் கட்டக் காசு இல்லை. அதற்குப் பதிலாக 112 டின் திறப்பான்களைக் கொடுத்தார், பச்சை நிறத்தில். நிலையத்தை நடத்திய பட் பாக்ஸன் தன் அறிவிப்பாளரைக் கூப்பிட்டு, இதை நேரலையிலேயே விற்றுவிடு என்றார். ஒன்று 9.95 டாலர். அத்தனையும் விற்றுப்போனது. அதிலிருந்து வந்ததுதான் எச்எஸ்என். ஜப்பானில் டிவி வழியே விற்கும் ஜப்பானெட் தகாதா நிறுவனமும் அப்படித்தான்: நாகசாகிப் பக்கம் கேமரா கடை வைத்திருந்தவர் 1990-இல் வானொலியில் விற்று, பிறகு டிவிக்கு வந்தார். ஊடகம் மாறுவது எங்களுக்குப் புதிதல்ல.

எனக்குக் கவலை வேறு. 1992-இல் ஜாய் மங்கானோ தான் கண்டுபிடித்த, தரை துடைக்கும் மாப்பைத் தானே கியூவிசியில் வந்து காட்டினார். அரை மணி நேரத்துக்குள் 18,000 விற்றது. முன்பு கடைகளிலும் சேனலிலும் மந்தமாகப் போன அதே சரக்கு. கையை நனைக்காமல் எப்படிப் பிழிவது, தலைப்பகுதியை எப்படிக் கழற்றித் துவைப்பது என்று காட்ட நேரம் கிடைத்தது, அதனால் விற்றது. இந்த நேரம்தான் சேனலின் சொத்து. கைபேசியில் விரல் நகர்வதற்குள் பிடிக்க வேண்டும். அங்கே உதட்டுச்சாயம் விற்கலாம், விளக்கம் கேட்கும் பொருளை விற்பது கஷ்டம்.

வாடகையும் ஒழியவில்லை என்பதைக் கவனியுங்கள். கேபிள்காரருக்குக் கொடுத்ததைச் செயலிக்காரருக்குக் கமிஷனாகக் கொடுக்கிறோம். கேபிள்காரர் ஒப்பந்தம் முடியும்வரை எண்ணை மாற்ற மாட்டார். செயலிக்காரர் இன்று காட்டியதை நாளைக்குக் காட்டாமல் விடலாம், ஏன் என்று கேட்க முடியாது.

செங்கதிர்:
ஆக, நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள். சேனல் செத்துவிடும், விற்பனைக்காரர்கள் வேறு இடத்தில் கூலிக்கு நிற்பார்கள்.

ஒலிவாங்கி:
பாதி வந்திருக்கிறேன். கேபிளோடு கட்டிப்போட்ட சேனல் போகும், சந்தேகமில்லை. ஆனால் இணைய டிவியில் இலவச சேனல்கள் வரிசை கட்டி நிற்கின்றன, அங்கேயும் ரிமோட்டை அழுத்திக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். ஷாப்பிங் சேனல்கள் ஏற்கனவே அங்கே போய் உட்கார்ந்துவிட்டன. வாடகை குறைவு, கூட்டமும் குறைவு. 1,400 கோடி திரும்ப வராது. பத்தில் ஒரு பங்கு செலவில் பத்தில் இரண்டு பங்கு விற்றால் அதுவும் தொழில்தான்.

மல்லிகைப்பந்தல்:
நீங்கள் இருவரும் திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். போன் வரிசை யாருக்கும் ஞாபகமே இல்லை. என் பெரியம்மா செயலியில் வாங்க மாட்டார். எண்ணைச் சுழற்றி, எடுக்கும் பெண்ணிடம் அளவு சரியாக இருக்குமா என்று கேட்டு, முட்டி வலியைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசி, அப்புறம்தான் ஆர்டர் கொடுப்பார். டிக்டாக்குக்குப் போகிறவர்கள் முதலில் குறைக்கப்போவது இந்த ஆட்களைத்தான்.

சுடரொளி:
அந்தப் பெண்ணிடம்தான் நானும் பணம் திரும்பக் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார், அதை மறுக்க மாட்டேன். பணம் தருகிற அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை. சேனல் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். திருப்பி அனுப்பும் செலவை விற்றவரே ஏற்க வேண்டும் என்று விதி வந்தால் எத்தனை பேர் தாக்குப்பிடிப்பார்கள்? ஒலிவாங்கி, உள்ளே இருந்தவர் நீங்கள், இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஒலிவாங்கி:
துணியும் நகையும் விற்பவர்கள் திணறுவார்கள், அங்கேதான் திரும்பி வருவது அதிகம். உங்கள் நீராவி இயந்திரம் விற்றவர்கள் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டார்கள்.